இடுப்பில்லாத பூனை

எங்கள் பூனைக்கு இடுப்பே இல்லை என்று அந்த டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தென்னூரில் கால்நடை கிளினிக் வைத்திருக்கும் சின்ன வயதுப் பெண் அவர். வருஷாந்திரத் தடுப்பூசிக்காகத்தான் நானும் என் கணவரும் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். ஊசியைப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே. அவர் பூனையை மேசைமேல் நிற்க வைத்து, மேலிருந்து ஒரு பார்வை, பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார்.

"மேலேருந்து பாத்தா விலாவுக்குப் பின்னாடி கொஞ்சம் உள்ள வாங்கி இருக்கணும் மேடம். இவளுக்கு வெளிய தள்ளிக்கிட்டு இருக்கு."

"அது வெறும் முடிங்க. அவளுக்கு அடர்த்தி ஜாஸ்தி," என்றேன்.

"அப்ப முடிக்குள்ள கைய விட்டுப் பாருங்க. உங்க புறங்கையத் தடவினா எலும்பு லேசாத் தட்டுப்படுது இல்லையா, விலா எலும்பு அந்த மாதிரித் தட்டுப்படணும். விரல மடக்கினா முட்டி துருத்திக்கிட்டு நிக்கும். அப்படி இருந்தா இளைச்சிருக்குன்னு அர்த்தம். உள்ளங்கை மாதிரி மெத்துனு இருந்தா எடை அதிகம்."

நான் தடவிப் பார்த்தேன். உள்ளங்கைகூட அவ்வளவு மெத்தென்று இருக்காது. விலா எலும்பு என்று ஒன்றைக் கடவுள் அவளுக்கு வைத்தாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. தராசு ஆறு கிலோ எண்ணூறு காட்டியது.

நான் உப்பிலியபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் கன்றுக்குட்டிக்கு விலா எலும்பு தெரிந்தால் வீட்டுக்காரர் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தைமார்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, ஏன் இப்படி இளைச்சுட்டே என்பதுதான். எண்பது கிலோவைத் தாண்டிய பிறகும் கேட்கிறார்கள். குண்டு என்ற சொல்லைக் குழந்தையின் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள், கண் பட்டுவிடும். அப்படி வளர்ந்த எனக்கு, பூனை உருண்டு திரண்டிருப்பது நான் வாங்கிய நற்சான்றிதழ். அதை ஒரு பெண் இரண்டு நிமிஷத்தில் கிழித்துப் போட்டுவிட்டார்.

ஆனால் அடுத்து அவர் சொன்னதில் கோபம் போய்ப் பயம் வந்தது. "பின்னங்கால ஊனித் தாவறதுக்கே யோசிக்கிறா பாருங்க. இப்படியே விட்டா சர்க்கரை வந்துடும். அப்புறம் தினம் ரெண்டு வேளை ஊசி. மூணு மாசம் டைம் தரேன், அரைக் கிலோவாவது குறைச்சுக்கிட்டு வாங்க. அதுக்காகப் பட்டினி போட்டுடாதீங்க, பூனைக்குப் பட்டினி கல்லீரலுக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

வீட்டில் நாங்கள் இருவர்தான். பிள்ளைகள் கிடையாது. ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்ததும் ஓடிவந்து என் புடவையில் முகத்தைத் தேய்க்க அவள் ஒருத்திதான். அவளுக்கு ஊசி போடுவதை நினைத்து அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து உலர் தீனியை அளந்து போட்டேன். கண்ட நேரத்தில் தடவித் தடவி விலாவைத் தேடினேன். கைப்பழக்கம் வரட்டும் என்று, சோபாவில் கண்ணயர்ந்திருந்த கணவரின் விலாவிலும் கை வைத்துப் பார்த்தேன்.

"என்னையும் அந்த டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போகப் போறியா?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"உங்களுக்கும் தட்டுப்படலைங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை. கணவர் முதலில் தனியாக எடைமெஷினில் ஏறுவார், பிறகு பூனையோடு ஏறுவார். கழித்து வருவதைத் தினசரி காலண்டர் தாளில் எழுதி வைப்பேன். நாலு வாரம் கழித்துத் தாள்களை எடுத்துப் பார்த்தால், ஆறு எண்ணூறில் தொடங்கியவள் ஏழு கிலோவில் நின்றாள். அளந்து போடும் தீனியிலோ பாதிக்கு மேல் தினமும் கிண்ணத்திலேயே மிச்சம் இருந்தது. சாப்பிடாமலே குண்டாகும் பிராணியை அப்போதுதான் பார்த்தேன்.

முதலில் கணவர்மேல்தான் பாய்ந்தேன். துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. பாதி நாள் பகலில் வீட்டில்தான் இருப்பார். "உன் மேல சத்தியமா நான் எதுவும் போடலை," என்றார். என்மேல் சத்தியம் செய்ததால் நம்பவில்லை. பூனையின் தலையில் கை வைத்து மறுபடி சொன்னார், நம்பினேன்.

துப்பு கிடைத்தது காலண்டர் தாளில்தான். அந்த ஒரு மாதத்தில் இரண்டே இரண்டு நாள், ஆபீஸிலிருந்து வரும்போது கிண்ணம் துடைத்துவைத்தது போலக் காலியாக இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டினாள். தாளைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டும் ஏகாதசி.

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஏகாதசியன்று யார் வீட்டில் உலை வைக்க மாட்டார்களோ அந்த வீட்டில்தான் மற்ற நாளெல்லாம் இவளுக்குச் சாப்பாடு. கொள்ளிடம் பக்கம் இருக்கும் எங்கள் குடியிருப்பில் மொத்தமே நாலு வீடு. மாடியில் நாங்கள். எதிர்வீட்டு இளம் தம்பதி காலையில் போனால் இரவுதான் வருவார்கள், அவர்களுக்கு எல்லா நாளும் ஹோட்டல்தான். கீழே ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது கீழ்வீட்டு மாமி.

அதுதான் நம்பும்படி இல்லை. மாமி தனியாக இருக்கிறார். கணவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். படியில் எங்கள் பூனை எதிர்ப்பட்டால் புடவையைச் சுருட்டிக்கொண்டு, "சீ, அந்தண்ட போ," என்று சுவரோடு ஒட்டி நிற்பார். போன வருஷம் என்னிடமே, "அது படியெல்லாம் முடி உதிர்க்கறதும்மா," என்று புகார் சொன்னவர். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்தபோது எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஏகாதசிக்கு மறுநாள், துவாதசி. முந்தின நாள் விரதத்தை முடிக்க வேண்டும் என்பதால் மாமி வீட்டில் விடிந்ததுமே சமையல் ஆகிவிடும். நான் ஆறரை மணிக்கே மொட்டை மாடிக்குப் போனேன். கையில் ஒரு பிடி சாதம். காக்காய்க்கு வைக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. தினமும் எட்டு மணிக்கு அப்பா அம்மாவை நினைத்து, சூடான சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டு, கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். மறுநாள் பார்த்தால் ஒரு பருக்கை இருக்காது. பெற்றவர்களுக்கு வயிறு நிறைந்தது என்று நிம்மதியாக இருப்பேன். அன்றும் வைத்தேன். வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முதலில் பூனை வந்தாள். சுவரை அண்ணாந்து பார்த்தாள். தாவ முடியாது என்று தெரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு காக்காய் வந்து பக்கத்துச் சுவரில் அமர்ந்தது. பிறகு மாமி வந்தார், கையில் வாழையிலைத் துண்டு. அதில் நெய் மினுங்கும் சாதம், கொஞ்சம் அகத்திக்கீரை. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டு, அதாவது படைத்துவிட்டு, நேரே வந்திருக்கிறார். முறைப்படி "கா, கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். காக்காய் கிட்டே வந்ததும் முந்தானையை வீசி அதைத் துரத்திவிட்டார். இலையைப் பூனைக்கு எதிரில் தரையில் வைத்தார். அதோடு நிற்கவில்லை. சுவரில் நான் வைத்திருந்த சாதத்தையும் ஒரு பருக்கை சிந்தாமல் வழித்து எடுத்து, இலையின் ஓரத்தில் வைத்தார்.

அரைக் கிலோவைக் குறைக்க நான் இத்தனை பாடுபட, பாதிச் சதையைப் போட்டதே என் கைதான் என்று அந்த நிமிஷம் புரிந்தது.

"மாமி," என்று வெளியே வந்தேன்.

அவர் திடுக்கிடவே இல்லை. "வாம்மா. இன்னிக்கு சீக்கிரமே வச்சுட்டே போலருக்கே."

"காக்காயத் துரத்திட்டுப் பூனைக்குப் போடறீங்களே மாமி."

"காக்காய் ஊரெல்லாம் சாப்பிட்டுட்டு வரது. கூப்பிட்ட மரியாதைக்கு ஒரு கொத்து கொத்திட்டுப் போறது. அவர் போன புதுசுல இங்க சாதத்தை வச்சுட்டு ஒரு மணி நேரம் நின்னேன், ஒரு காக்காயும் வரலே. இதுதான் வந்தது. மத்ததையெல்லாம் விட்டுட்டு நெய் இருக்கற இடமாப் பாத்து நக்கித்து. அவரும் அப்படித்தான்."

"படியில பாத்தா விரட்டுறீங்க?"

"நாலு பேர் பாக்கற இடத்துல கொஞ்ச முடியுமோ? ஆசாரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

சண்டைக்கென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். எடை, பின்னங்கால், சர்க்கரை. சர்க்கரை என்றதும் மாமியின் முகம் மாறியது.

"ஊசி போடணுமா?"

"தினம் ரெண்டு வேளைன்னு சொல்றாங்க."

மாமி தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். "அவருக்குப் பதினோரு வருஷம் நான்தான் போட்டேன். சாதத்தைக் கரண்டியால அளந்துதான் பரிமாறுவேன். நெய் ஜாடிய எடுத்து ஒளிச்சு வச்சேன். கடைசி வாரம்கூட ஒரே ஒரு சொட்டுன்னு கேட்டார். விடலே." பூனை இலையைத் தின்றுவிடுவதுபோல நக்கிக்கொண்டிருந்தாள். "அந்தத் தாபம்தாம்மா. இப்போ யார் தடுக்கப் போறான்னு ஊத்தினேன்."

போனால் போகிறது, போடுங்கள் மாமி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் நல்லவளாகியிருப்பேன், பூனை நடக்க முடியாமல் போயிருக்கும். ஆகவே மாமியின் கையைப் பிடித்துப் பூனையின் விலாவில் வைத்தேன். புறங்கை, முட்டி, உள்ளங்கை என்று டாக்டரின் பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். மாமி தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் தட்டுப்படலியே," என்றார் மெல்ல.

அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம். என் பிடி சாதம் உயரமான தொட்டி மேல், காக்காய்க்கு மட்டும். மாமியின் இலையில் சுண்டைக்காய் அளவு வெறும் சாதம். கூடவே பூனையின் அன்றாடப் பங்கிலிருந்து பத்துத் தீனி உருண்டைகளை நான் ஒரு மூடியில் வைத்துவிட்டு வருவேன். "அதுல என்ன கலந்திருக்கா?" என்று மாமி ஒரு தடவை கேட்டார். "பூனைக்கு வேண்டியது மாமி," என்றேன், பாக்கெட்டில் இருக்கும் மீன் படத்தை நினைத்துக்கொண்டே. அதன்பின் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் மாதம் வீணான கதையைச் சொன்னதும் டாக்டர் மேலும் ஒரு மாதம் தந்தார். நாலு மாதமும் முடிந்து கிளினிக் தராசில் ஏற்றியபோது ஆறு கிலோ இருநூறு. சர்க்கரை இல்லை. இன்னும் ஒரு கிலோ குறைய வேண்டும், இதே வழியில் போங்கள் என்றார். நான் கணவரைக் கூட்டத்துக்கு நடுவில் கட்டிக்கொள்ளாததற்குக் காரணம், பூனைக்கூடை குறுக்கே இருந்ததுதான்.

மறுநாள் காலையில் மாமியிடம் சொல்ல மாடிக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமி அதைப் பொருட்படுத்தவில்லை. சுண்டைக்காய் அளவுச் சாதத்தை ஒரே வாயில் முடித்துவிட்டு அண்ணாந்து முறைக்கும் பூனைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் விலாவில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை கேட்டாலும் கிடையாது," என்றார் அதனிடம். "முறைக்காதேள். டாக்டர் சொன்னதைத்தானே அன்னிக்கும் செஞ்சேன்."