நிக்காசியாவின் கடையில் எப்போதும் ஜனவரி 24

மலைமேட்டு நகரமான எல் ஆல்தோவில் ஒரு இணையப் பக்கம் சரியாக வரவில்லை என்றால் ஜனங்கள் முதலில் மாநகராட்சியைத் திட்டுவார்கள். திட்டி ஓய்ந்ததும் நிக்காசியா சோக்கெதார்கியிடம் போவார்கள். வட்டார அலுவலகத்துக்கு நேர் எதிரே, கோழி பொரிக்கும் கடைக்கும் பல் பிடுங்குகிறவருக்கும் நடுவில், ஆறு கணினிகளைப் போட்டு இணையக் கடை நடத்துகிறவள் அவள். ஐம்பத்திரண்டு வயது, அடுக்குப் பாவாடை, தலையில் வட்டத் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு பதில். அந்தப் பதில்தான் ஒருநாள் அவளை மாட்டிவிட்டது.

கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. ஒருமுறை ஓய்வூதியக்காரர் ஒருவர் பேரனின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானைக் காணோம், நான்கு நாளாகத் தேடுகிறேன் என்றார். கண் மங்கல் என்று எழுத்தை அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தார். பொத்தான் திரைக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது. நிக்காசியா இரண்டு விசையைத் தட்டி எழுத்தைச் சுருக்கினாள், பொத்தான் வந்து நின்றது. பெரியவர் மடிக்கணினிக்கு முத்தம் கொடுத்தார். "வேலை பாத்தது நானு, முத்தம் அதுக்கா?" என்று கேட்டு மனிதரை வெட்கப்பட வைத்து அனுப்பினாள்.

இப்படி நூறு கதை உண்டு. ஆனால் பிறந்ததிலிருந்து "எனக்குத் தெரியாது" என்றும் "என் தப்பு" என்றும் அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

அவள் கடையின் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன், ஜனவரி 24, ஆசைப்பட்டதைப் பொம்மையாக வாங்கினால் நிஜமாகும் என்று ஊரே நம்பும் அலாசிதாஸ் சந்தையில், தகரத்தில் செய்த உள்ளங்கை அளவு இணையக் கடையொன்றை வாங்கினாள். சரியாக மதியம் பன்னிரண்டு அடிக்கும்போது பூசாரி அதற்குச் சாம்பிராணி காட்டி, சாராயம் தெளித்தார். பிப்ரவரி முடிவதற்குள் நிஜக் கடை அவள் கைக்கு வந்துவிட்டது. வாங்கிய அதிர்ஷ்டத்தை யாராவது கைநழுவ விடுவார்களா? ஆறு கணினியிலும், காலையில் முடுக்கிய உடனே தேதி அதே ஜனவரி 24, மணி பன்னிரண்டு என்று திரும்பும்படி ஒரு கட்டளையை எழுதி வைத்தாள். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. வாடிக்கையாளர் உட்காரும் நேரத்தைக் கணக்கிடும் செயலி முப்பது நாள் மட்டும் இலவசம். அந்த முப்பது நாள் அவள் கடையில் முடியவே முடியாது. கேட்பவர்களிடம் இந்த இரண்டாவது காரணத்தைக் கண்ணடித்துச் சொல்வாள். முதல் காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. அந்த மதியம் போனால் கடையும் போய்விடும் என்று உள்ளுக்குள் நிஜமாகவே பயந்தாள்.

திரையின் மூலையில் தப்பு மணி தெரிந்தால் ஜனங்கள் குழம்புவார்கள் அல்லவா? அதற்காக ஒவ்வொரு திரையிலும் கடிகாரத்தின் மேலேயே வளம் தரும் எக்கெக்கோ சாமியின் ஒட்டுப்படத்தை ஒட்டினாள். மீசை, தொப்பை, முதுகு நிறைய மூட்டைமுடிச்சு, வாயில் சுருட்டு. நேரத்தை மறைக்க அதைவிடப் பொருத்தமான தொப்பை கிடையாது.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு பக்கங்களில் படங்கள் உதிர ஆரம்பித்தன. முதலில் வங்கியின் சின்னம் போயிற்று, அப்புறம் பள்ளிக்கூடப் பக்கத்துப் புகைப்படங்கள், அப்புறம் பொத்தான்கள். சில தளங்கள் திறக்கும்போதே சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும். நிக்காசியா அதைப் படித்ததே இல்லை. "பரவாயில்லை, தொடர்க" என்பது எந்த மூலையில் இருக்கிறதென்று அவள் விரலுக்குத் தெரியும். படம் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் பதில் தயார்.

"எல்லாம் இந்த ஒசரம்தாங்க. நாலாயிரம் மீட்டர் ஏறி வரணும்ல, படத்துக்கு மூச்சு வாங்குது. எழுத்து ஒல்லி, வந்துருது."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நாங்களே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள், படத்தின் கஷ்டம் எங்களுக்குப் புரியாதா?

இந்தச் செப்டம்பரில்தான் விஷயம் முற்றியது. பழைய சாமான் சந்தையின் இருநூற்றுப் பதினான்கு கடைக்காரர்களும் தங்கள் இடத்தை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும் என்று மாநகராட்சி அறிவித்தது. பக்கத்தில் சந்தையின் வரைபடம் வரும்; உன் கட்டத்தைத் தொட்டு அடையாள அட்டை எண்ணைப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. அதற்குள் உறுதி செய்யாத இடம் திங்கள்கிழமை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நிக்காசியாவின் கடையில் பக்கம் திறந்தது, தலைப்பு வந்தது, நடுவில் வரைபடம் இருக்க வேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"அவனுங்க இன்னும் ஏத்தலை" என்று தீர்ப்பு சொன்னாள். "மாநகராட்சி வேலை தெரியாதா? நாளைக்கு வாங்க."

திங்கள் முதல் வியாழன் வரை பதினோரு பெண்களுக்கு இதையே சொல்லி அனுப்பினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் தோன் செவெரினோவிடம் ஒரே ஒரு ஓட்டைக் கணினி உண்டு (ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா, எங்கள் ஊர் மரியாதை). அங்கே வரைபடம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். நிக்காசியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் திருவிழா ஆட்டத்தில் அவளைக் கடைசி வரிசையில், பெரிய முரசுக்குப் பின்னால் நிறுத்தியவர் செவெரினோ. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தோன்யா பிளாசிதா உள்ளே நுழைந்தாள். சந்தையில் பழைய கார் விளக்குகள் விற்கிறவள், இருபத்திரண்டு வருஷமாக ஒரே மூலை. இது அவளுக்கு நான்காவது நடை.

"காசெரா, இன்னைக்காவது ஏத்திட்டானுங்களா?" என்றாள், வாடிக்கைக் கடைக்காரியை அழைக்கும் செல்லப்பெயரில்.

வெள்ளைக் கட்டம் அப்படியே இருந்தது. நிக்காசியா பக்கத்தைப் புதுப்பித்தாள். சேமித்து வைத்த பழையதையெல்லாம் துடைத்தாள். வேறு உலாவியில் திறந்தாள். விளம்பரத்தைத் தடுக்கும் செயலியை நிறுத்தினாள். அடுத்த கணினிக்குப் போனாள். இணையப் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினாள். வெள்ளை அசையவில்லை.

"ஒசரம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஒசரத்தத் தூக்கிக் குப்பைல போடுங்க! எதுத்த கடைல வரைபடம் வருதாமே, அவரு கடை மட்டும் என்ன பள்ளத்துலயா இருக்கு? திரை அழுக்குதான் காரணம், எப்பத் தொடச்சீங்க?" என்று பிளாசிதா தன் சால்வையின் நுனியில் எச்சில் தொட்டுத் திரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். கார் விளக்கைத் தேய்த்துப் பழகிய கை. நாலாவது தேய்ப்பில் எக்கெக்கோ சாமி மூட்டையோடு உரிந்து வந்துவிட்டார். அவருக்கு அடியில் இருந்ததைப் பிளாசிதா படித்தாள்.

"ஏழு அம்பதா? ஐயோ, அஞ்சு மணி தாண்டிருச்சா! போச்சு, என் மூலை போச்சு!"

"கத்தாதீங்க, மணி இன்னும் நாலு ஆகலை. அந்தக் கடிகாரம் சும்மா. அதப் பாக்காதீங்க."

"சும்மா ஓடுறதுக்கு எதுக்குங்க கடிகாரம்? இருங்க, இது என்ன தேதி? ஜனவரி இருபத்தி நாலா? மூணு வருஷத்துக்கு முந்தியா?" பிளாசிதா திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இந்தப் பொட்டிக்கு இன்னைக்கு ஜனவரி. இந்தச் செப்டம்பர்ல போட்ட வரைபடத்த அது எப்படிங்க நம்பும்? அடுத்த வருஷத் தேதி போட்ட ரசீத ஒருத்தன் என்கிட்ட நீட்டினா, போடா திருட்டுப்பயலேன்னு தொரத்த மாட்டேன்?"

நிக்காசியா வங்கியின் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு எச்சரிக்கை வந்தது. விரல் தானாக மூலைக்கு ஓடியது, இழுத்துப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக மூன்று வரியையும் படித்தாள். உங்கள் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருப்பதால் இந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று தெரிகிறது. எத்தனை மாதமாக ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் முகத்துக்கு நேரே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தேதியை மாற்றும் இடத்தில் கை நின்றது. அலமாரியில் தகரக் கடை இருந்தது, அதன் குட்டிக் கணினிகள் மேல் பூசாரி அன்று தூவிய காகிதத் துணுக்குகள். இந்த மதியத்தை விட்டால் எல்லாம் போய்விடும். பக்கத்தில் பிளாசிதா மூச்சு வாங்க நின்றாள். இருபத்திரண்டு வருஷ மூலை. நிக்காசியா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். செப்டம்பர் வந்தது. பக்கத்தைப் புதுப்பித்தாள்.

வரைபடம் வந்தது. இருநூற்றுப் பதினான்கு கட்டம். உறுதியானவை சிவப்பு, உறுதியாகாதவை பச்சை. சந்தை முழுக்கச் சிவப்பாக இருந்தது. நடுநடுவே பச்சை. நிக்காசியா எண்ணினாள், பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் சுட்டியை வைக்கப் பெயர் வந்தது. ஒவ்வொரு பெயரும் இந்த வாரம் அவள் முன்னால் உட்கார்ந்து, "நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டுக்கொண்டு எழுந்து போன முகம். ஊரில் வேறு எவருடைய இடமும் போகப்போவதில்லை. அவளை நம்பினவர்களுடையது மட்டும்தான்.

பிளாசிதாவின் எண்ணைப் போட்டாள், ஒரு கட்டம் சிவந்தது. மற்றவர்களின் எண்ணுக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை மாலை பாதிப்பேர் சரக்கெடுக்க ஒரூரோ நகரத்துப் பேருந்தில் ஏறியிருப்பார்கள்; வழியெல்லாம் கைபேசி செத்துக் கிடக்கும். அழைத்ததில் எடுத்து எண் சொன்னவர்கள் இரண்டே பேர். இன்னும் எட்டு.

இந்த வட்டாரத்தில் எல்லோருடைய அடையாள அட்டை நகலும் ஒரே இடத்தில்தான் உண்டு. பழுதான நகலைக்கூட, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று எறியாமல் அடுக்கி வைக்கும் கஞ்சன் கடையில். மணி நான்கு இருபத்தைந்து. நிக்காசியா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தாள்.

"தோன் செவெரினோ."

"யாரு? முரசுக்குப் பின்னாடி நின்னா எனக்குக் கேக்காதே" என்றார் அவர், தலை நிமிராமல்.

"என் தப்பு. தேதிய நான்தான் மாத்தி வெச்சிருந்தேன், வரைபடம் வரலை, பொம்பளைங்கள திருப்பி அனுப்பிட்டேன். உங்க பழைய நகலெல்லாம் வேணும்."

நாக்கு வேகவில்லை. செவெரினோ மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், பிறகு மேசைக்கு அடியிலிருந்து மூன்று அட்டைப்பெட்டியை இழுத்தார். தெருவைக் கடந்து அவரே தூக்கிக்கொண்டும் வந்தார். பிளாசிதா தரையில் உட்கார்ந்து பெட்டியைக் கலைக்க, செவெரினோ எண்ணைப் படிக்க, நிக்காசியா தட்டினாள். கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. நான்கு ஐம்பத்தாறுக்கு ஒன்றே ஒன்று மிச்சம்.

"யாரு?" என்றார் செவெரினோ.

நிக்காசியா இருமினாள். "தோன்யா இலாரியா."

"எம் பொண்டாட்டியா? உங்க கடைக்கா வந்தா?"

"புதன்கிழமை. அந்த மனுசன் கம்ப்யூட்டர்ல செய்யறதுக்கு என் எடமே போகட்டும்னாங்க."

பிளாசிதா சிரிப்பை அடக்கச் சால்வையை வாயில் திணித்துக்கொண்டாள். பெட்டிகளில் இலாரியாவின் நகல் இல்லை. பெண்டாட்டிக்கு இலவசமாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று செவெரினோ எடுத்ததே இல்லை. கைபேசியும் எடுக்கப்படவில்லை. நான்கு ஐம்பத்தெட்டு. செவெரினோ கண்ணை மூடினார், ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். தடுமாறாமல் சொன்னார். நிக்காசியா தட்டினாள், கடைசிக் கட்டம் சிவந்தது.

"மனப்பாடமா?" என்றாள்.

"முப்பது வருஷமா எல்லா மனுவுலயும் நான்தான எழுதறேன். பொறந்த நாள் கேட்டா தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

சுவரில் ஐந்து அடித்தது. திரையிலும் ஐந்து.

மறுநாள் காலை பதினோரு பெண்களும் கடைக்கு வந்தார்கள். இடம் தப்பியது என்று ஊரே அவர்களிடம் சொல்லிவிட்டது. யாரால் போக இருந்தது என்பதைப் பிளாசிதா சொல்லிவிட்டாள். எல்லாக் கணினியிலும் தேதி சரியாகிவிட்டதால், நேரம் கணக்கிடும் செயலி இலவசக்காலம் முடிந்தது என்று வாடிக்கையாளர்களின் ஐந்து திரைகளையும் பூட்டிவிட்டிருந்தது. நிக்காசியா தனக்கென்று வைத்திருந்த ஆறாவது திரைக்கு முன்னால் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே தடவை சொல்லிவிடலாம் என்று பார்த்தாள்.

"என் தப்புதாங்க."

"எனக்குச் சரியாக் கேக்கலை காசெரா" என்றாள் இலாரியா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நான் புதன்கிழமை வந்தேன். எனக்குன்னு தனியா சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்த நாள் வரிசையில் நின்றுகொண்டார்கள். நிக்காசியா பதினோரு தடவை சொன்னாள்.