கடைசி ஒரு முழம்

சுனாமி வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு புதுச்சேரித் தம்பதி, இரட்டை அடிப்பாகம் கொண்ட பழைய பாய்மரப் படகை வாங்கி, அதிலேயே குடியிருந்து கடல் கடக்கக் கிளம்பியிருந்தார்கள். கடலூர் துறைமுகத்தில் நின்றபோது, கிழிந்த பாயைத் தையல்காரியான என்னிடம் கொடுத்தார்கள். தடித்த நூல் தீர்ந்துபோனது. கடைசி ஒரு முழத்தை ரவிக்கை தைக்கும் நூலில் முடித்துவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது?

தைத்த பாயைக் கொடுப்பதற்காகப் படகுக்குள் நுழைந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் புடவைத் தூளி. அதில் கைக்குழந்தை தூங்கியது.

“கடைசி ஒரு முழம் சாதா நூல்தாம்மா. காத்துக்குத் தாங்காது,” என்றேன்.

அந்தப் பெண் பாயை விரித்து அந்தத் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்து தடித்த நூலை எடுத்தாள். “சொல்லிட்டீங்களே அக்கா, அது போதும். வாங்க, பிரிச்சித் தைக்கலாம்.”

அந்தமான் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். “தையல் தாங்கிடுச்சுக்கா!”

இன்றும் எந்தத் துணியிலும் கடைசி முழத்துக்கு வரும்போது, அந்தத் தூளி என் கண்முன் ஆடுகிறது.