மாப்பிள்ளை உட்காராத பந்தி

எனக்கு உத்தியோகம் போட்டுக் கொடுத்தவர் என் மாமனார். புதுச்சேரி டவுனில் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுவது என் தொழில். ஆனால் கிருமாம்பாக்கத்தில், அவர் குடியிருக்கும் தெருவில் மட்டும், நான் கம்பெனி சூப்பர்வைசர். என்ன கம்பெனி என்று அவர் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை. பேன்ட் போட்டுக்கொண்டு போகிற வேலை என்றால் அங்கே போதும். நானும் பேன்ட் போட்டுக்கொண்டுதான் போகிறேன். மாவு படாமல் இருக்க மேலே ஒரு துணியைக் கட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பெண் பார்க்கப் போன அன்றே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார். என்மேல் அவருக்குக் குறை ஒன்றுமில்லை. நெல்லும் கரும்பும் போட்டு நாலு பேர் மதிக்க வாழ்கிற குடும்பம். மாப்பிள்ளை அடுப்படியில் நிற்கிறவர் என்று தன் அண்ணனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த அண்ணனுக்குக் காது மந்தம். அவரிடம் எதைச் சொல்வதானாலும் தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்படிக் கத்தியதில் ஊருக்கெல்லாம் தெரிந்துபோனதுதான் என் சூப்பர்வைசர் வேலை.

போனால் போகிறது என்று வருடக்கணக்காக விட்டிருந்தேன். இந்தப் பொங்கலன்று அது முடியாமல் போயிற்று. மாமனாரின் பக்கத்து வீட்டு அக்கா என் மகளைப் பிடித்து நிறுத்தி, "உங்கப்பா இன்னா வேல செய்றாருடி?" என்று கேட்டாள். மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். நான் கொண்டுவரும் பன்னைத் தின்று வளர்கிறவள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சூப்பர்வைசர்" என்றாள்.

மாமனார் பொய் சொன்னால் அது அவர் பாடு. என் பிள்ளை என் தொழிலைச் சொல்ல இன்னொருத்தர் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? நான் என்ன திருடப் போகிறேனா?

சித்திரை முதல் நாளுக்கு அந்த வீட்டில் வருடா வருடம் விருந்து உண்டு. படையல் போட்டு முடியும்வரை யாரும் வாயில் எதுவும் வைக்க மாட்டார்கள். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகி, பதினொரு மணிவாக்கில் பந்தி. இதே நேரத்துச் சாப்பாட்டுக்குத்தான் எங்கள் பேக்கரியில் இங்கிலீஷில் பிரன்ச் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மாசி, பங்குனியில் வெளியூர்க்காரர்கள் தூங்கி எழுந்து வந்து, மொறுமொறுப்பான மைதா மாவுத் தட்டில் பழமும் சீஸும் வைத்துச் சுட்ட கார டார்ட்டைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். அதைச் செய்கிறவன் நான். அதையே மாமனார் வீட்டுப் பந்தியில் வைப்பது என்று முடிவு செய்தேன்.

மனைவி தடுத்துப் பார்த்தாள். "வேணாங்க. அப்பா மூஞ்சி சுருங்கிப் போயிடும்."

"இத்தினி வருஷமா என் மூஞ்சி எப்டி இருந்துச்சின்னு பாத்தியா?" என்றேன்.

ஆனாலும் அவள் முந்தின நாளே பஸ்ஸில் என்னோடு வந்து இறங்கினாள். சீஸ் கட்டி அவள் பையில்தான் இருந்தது.

பேக்கரியில் பேரிக்காய் போடுவோம். இங்கே பேரிக்காய்க்கு எங்கே போவது? மாமனாரின் மேட்டுக் கொல்லையில் நாலைந்து முந்திரி மரங்கள் நிற்கின்றன. சித்திரையில் பழம் சிவந்து உதிர்ந்து கிடக்கும். கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை அப்படியே எறிந்துவிடுவார்கள். தொண்டையைக் கவ்வும் என்று பிள்ளைகளைக்கூட அதிகம் தின்ன விடமாட்டார்கள். நல்ல பழமாகப் பார்த்து ஒரு கூடை பொறுக்கிவந்தேன். வில்லைகளாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசிறி, இட்லிப் பானையில் வேகவைத்துப் பிழிந்தால் கவ்வுகிற குணம் போய்விடும். வாசனையும் புளிப்பும் நிற்கும். அதைப் பச்சைமிளகாயோடும் தட்டிய மிளகோடும் வதக்கி வைத்துக்கொண்டேன்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மாப்ள, நீங்க இன்னா வேணா செய்ங்க. நல்ல நாளும் அதுவுமா முட்ட மட்டும் உள்ள வரக்கூடாது."

டார்ட்டுக்கு முட்டைதான் பிடிமானம். ஆனாலும் சரி என்றேன். தயிரைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டு, கெட்டியானதும் சீஸைத் துருவிப் போட்டு, கொஞ்சம் சோளமாவு சேர்த்துப் பிசைந்தேன். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, புட்டுமாவுப் பதம் வந்ததும் ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்டினேன். சித்திரை வெயிலில் வெண்ணெய் உருகி ஓடப் பார்த்தது. திரட்டிய மாவை ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து, குளிர்ந்த பிறகு சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டுகளில் பரத்தினேன்.

ஓவன் இல்லை. பிரியாணி அண்டாவை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த விறகடுப்பில் ஏற்றி, அடியில் மணல் கொட்டி, மணல்மேல் செங்கல் துண்டுகளை வைத்து, அதன்மேல் தட்டை வைத்தேன். மூடிக்கு மேலும் நெருப்புத் துண்டுகளை அள்ளிப் போட்டேன். முதலில் மாவை மட்டும், உப்பாமல் இருக்கக் கொண்டைக்கடலை பரப்பிச் சுட்டு, பிறகு கடலையை எடுத்துவிட்டுத் தயிரும் சீஸும் நிரப்பி, மேலே பழத்தை அடுக்கி மறுபடி மூடினேன். படையலுக்கு முன்னால் ருசி பார்க்கவும் கூடாது. மூக்கை நம்பித்தான் சுட்டேன்.

மாமனார் ஒருமுறை கொல்லைப்பக்கம் வந்தார். வியர்த்துக் கொட்ட நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "எதுக்கு மாப்ள இதெல்லாம்? அண்ணன் வர நேரம். சட்டைய மாத்திக்கினு வந்து உள்ள உக்காருங்க" என்றார்.

"வெந்ததும் வரேன் மாமா" என்றேன்.

அவர் போன பிறகு மாமியார் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். படையலுக்கு முன்னால் மோரா என்று பார்த்தேன். "நெருப்புகிட்ட கீறவங்களுக்கு தோஷமில்ல, குடிங்க" என்றார். அந்த வீட்டில் எனக்கு முன்பிருந்தே நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்.

படையல் முடிந்தது, காக்கைக்கு வைத்தாயிற்று, கூடத்தில் இலை விழுந்தது. மாமனாரின் அண்ணன், அந்தப் பெரியவர் ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம், நடு இலை எனக்கு. அந்த வீட்டில் மாப்பிள்ளை உட்காராமல் பந்தி ஆரம்பிக்காது. கல்யாணமான புதிதில் ஒருமுறை கை கழுவப் போன இடத்தில் போன் வந்து நான் பேசிக்கொண்டே நிற்க, உள்ளே சாம்பார் ஆறிப்போகும்வரை ஒருவர்கூட இலையைத் தொடவில்லை. அன்றைக்கு அது எனக்குச் சங்கடமாக இருந்தது. இன்றைக்கு அந்த மரியாதையை நம்பித்தான் வந்திருந்தேன்.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். ஓரம் பொன்னிறமாகச் சிவந்து, நடுவில் சீஸ் கொப்பளித்து அடங்கியிருந்தது. வாசனை எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நான் நடு இலைக்குப் பின்னால் போய் நின்றேன். உட்காரவில்லை.

"இன்னா மாப்ள, உக்காருங்க" என்றார் மாமனார்.

"உக்கார்றேன் மாமா. இது யாரு செஞ்சதுன்னு பெரியவரு கிட்ட சொல்லிடுங்க."

பெரியவர் எட்டிப் பார்த்தார். "இன்னாடா அது, பீட்சாவா? எந்தக் கடையில வாங்குனது?"

"டவுன்ல..." என்று மாமனார் இழுத்தார்.

பாயசக் குண்டானோடு நின்ற என் மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டாள். யாரும் இலையைத் தொடவில்லை. பசி எல்லாருக்கும் இருந்தது, எனக்கும்தான். சாயங்காலம்வரை நின்றிருப்பேன். சமையலறை வாசலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"வாயில இன்னா கொழுக்கட்டயா கீது? சொல்லித் தொலைங்களேன்."

மாமனார் இலையைப் பார்த்துக்கொண்டு, "மாப்ள செஞ்சது" என்று முனகினார்.

"இன்னா?" என்றார் பெரியவர், காதில் கையைக் குவித்து.

"மாப்ள செஞ்சாரு!"

"சூப்பர்வைசருக்கு இன்னாத்துக்குடா இந்த வேல?"

"சூப்பர்வைசர் இல்லண்ணே. பேக்கரில..."

"சத்தமா சொல்றா!"

மாமனார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வராமல் இல்லை. வந்தும் நான் உட்காரவில்லை. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, சூப்பர்வைசர் என்று எந்தக் குரலில் ஒருகாலத்தில் கத்தினாரோ அதே குரலில் கத்தினார்.

"என் மாப்ள ரொட்டி சுடறாருண்ணே! பேக்கரில! ரொட்டி சுடறாரு!"

எதிர்வீட்டு வாசலில் இரண்டு தலைகள் திரும்பின. கொட்டகையில் மாடு ஒருமுறை குரல் கொடுத்தது.

"சுடட்டுமே" என்றார் பெரியவர். "அதுக்கு ஏன்டா இப்டி கத்துற? ஒரு துண்டு வைய்யி."

நான் வெட்டி வைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தேன். பெரியவர் மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். "முந்திரிப்பழமாடா இது? தொண்டைய புடிக்கவே இல்லியே" என்று தம்பியைக் கேட்டார். தம்பியும் தன் துண்டில் பாதியை முடித்திருந்தார்.

என்னோடு அதன் பிறகு மாமனார் அன்று முழுக்கப் பேசவில்லை. பேசாமல் இருந்தால் இருக்கட்டும். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். கத்தியது அவள் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் வாசலில் டார்ட் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகளிடம், வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்கப்பா இன்னா வேலடி செய்றாரு?"

தாத்தா பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, தாத்தாவின் அதே ராகத்தில், தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினாள்.

"எங்கப்பா ரொட்டி சுடறாரு! பேக்கரில! ரொட்டி சுடறாரு!"

அந்த அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஓர் அடி பின்னால் போய்விட்டாள். "மெதுவா சொல்லுடி" என்று என் மனைவி உள்ளிருந்து அதட்டினாள். வேண்டாம், அவள் கத்தட்டும் என்றேன்.