கடல்சாமியை அதட்டிய டாக்டர்

என் மருந்துக் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து, "அக்கா, நம்ம டாக்டரு போயிட்டாராம்" என்றார். மாரடைப்பாம். பக்கத்தில் அவருடைய கிளினிக் பூட்டிக் கிடந்தது.

டாக்டர் அருளப்பன் உக்ரைனில் மருத்துவம் படித்தவர். பட்டத்தோடு ஒரு பகடிக் காவியத்தின் மேல் தீராத கிறுக்கையும் கொண்டுவந்தார். "அங்க எழுதுறது ஒரு பாஷை, சனங்க பேசுறது ஒரு பாஷையா இருந்துச்சும்மா. இந்தக் கவிஞன் பழைய ரோமாபுரி வீரனைத் தன் ஊர்க் குதிரைக்காரனாக்கி, சாமிகளைச் சந்தைச் சண்டை போட வச்சுட்டான். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நம்ம பேச்சுலயும் இலக்கியம் எழுதலாம்னு அப்பத்தான் அந்தச் சனத்துக்குத் தைரியம் வந்துச்சு" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்தும் போயிருக்கிறது.

அந்தக் காவியத்தைத் திண்டுக்கல் பேச்சில் பெயர்த்தார். கூட்டம் குறைந்த மதியங்களில் நோயாளிகளுக்கே வாசித்துக் காட்டுவார். புயலில் மாட்டிய வீரன் கடல்சாமியை அதட்டும் இடத்தில், அகரத்துப் பூக்காரி பாண்டியம்மாள் சிரித்த சிரிப்பில் டாக்டரால் அவருக்கு ஊசி போடவே முடியவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் நேரம் மனிதருக்குப் பயம் வந்துவிட்டது. "காவியம்னு அட்டையில போட்டுட்டு உள்ள ஏலே, கீலேன்னா மதிப்பாகளாம்மா?" எல்லாவற்றையும் செந்தமிழ் விருத்தமாக மாற்றி, பழையதைக் கிழித்தும் போட்டார். வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள், பாராட்டினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் பாண்டியம்மாள் கொட்டாவி விட்டார்.

திரும்பும் வழியில், "அந்தக் கவிஞன் எந்தச் சுவரை உடைச்சானோ, அதையே நான் கட்டிவச்சுட்டேம்மா" என்றார். மறுபடி பேச்சுத் தமிழில் எழுத உட்கார்ந்தார். பழைய துள்ளல் வரவில்லை. புயல் கட்டத்தைத் தொடுவதற்குள் போய்விட்டார். அடடா, இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கக் கூடாதா!

அடக்கத்துக்கு எடுக்கும் முன், பாண்டியம்மாள் மல்லிகை மாலையைக் காலடியில் வைத்து அழுதார். "கடல்சாமியவே அதட்டுனீகளே டாக்டரு..." அந்த அழுகையோடே, புத்தகத்தில் இல்லாத அந்த வரிகள் அவர் வாயில் வந்தன: "ஏலே கடல்சாமி, செத்த நேரம் சும்மா இருலே! கஞ்சிச் சட்டி கவுந்துருச்சு, எங்க ஆத்தாளுக்கு நீயா பதில் சொல்லுவ?"

துக்க வீடு குபீரென்று சிரித்துவிட்டது. டாக்டரின் பிள்ளைகளும் பங்குச் சாமியாரும் நானும்தான். பிறகு எல்லோரும் டாக்டரின் முகத்தைப் பார்த்தோம்.

போய்வாருங்கள், டாக்டர். சிரித்தார்கள். நீங்கள்தான் கேட்கவில்லை.