இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, பூட்டுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் இடுக்கில் ஒரு கடை இருக்கிறது. ஒருவர் உள்ளே திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் படியிறங்கி வழிவிட வேண்டும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு டப்பா நிறையப் பேனாக்கள். அதில் முக்காலே மூணு வீசம் மை தீர்ந்துபோனவை. பதினெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனு அக்கா, அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரரே கோபம் வந்தால் "என்ன மனு" என்றுதான் ஆரம்பிப்பார்.

தெருவிளக்கு எரியவில்லையா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, அக்காவிடம் வந்து நின்றால் போதும். வந்தவர் அரை மணி நேரம் அலுவலகத்தையே வாயால் கிழித்துத் தொங்கவிடுவார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாலே வரியில் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று அச்சடித்துக் கையில் கொடுப்பாள். "கோபத்த வீட்டுல வச்சிட்டு வாங்க. ஆபீஸ்ல படிக்கிறது முதல் நாலு வரிதான்" என்பாள். கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. ஆனால் அவள் எடுத்த காரியம் முடியாமல் ஓய்ந்ததில்லை என்று பெயர்.

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அலுவலகத்துக்காரர்களுக்கு மனுவைத் திருப்பி அனுப்புவதில் ஒரு தனி ருசி. வார்டு எண் தப்பு என்பார்கள், தேதி இல்லை என்பார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் அக்கா கையெழுத்துத் தாளைத் தனியாகப் பிரித்துவிட்டாள். மேலே "கீழ்க்கண்ட குடியிருப்பாளர்கள்" என்று ஒரே வரி. கீழே பச்சை மையில் அவளே போட்ட கோடுகள், வரிசை எண், கதவு எண், கையெழுத்து. என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கிடையாது. முன்பக்கத்தைப் பத்து தடவை மாற்றினாலும் பின்னால் இருக்கும் தாள் அப்படியே இருக்கும். அதிலும் மூன்று செட் வாங்குவாள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று இன்ஜினியருக்கு, மூன்றாவது அவசரத்துக்கு ஆகட்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரின் பீரோவுக்கு. முதல் கையெழுத்து எப்போதும் அவளுடையது. போணி செய்வது மாதிரி.

இதில் ஒரு வில்லங்கம் வரும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை. அவள் மனு எழுதித் தரும் சுற்றுவட்டார மூன்று தெருவிலும் அது பழகிப்போன காரியம். போன வருஷம் சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள். தெருமுனைத் தையல்காரர், மெஷின் பெடலிலிருந்து காலைக்கூட எடுக்காமல் மூன்று தாளிலும் போட்டுக் கொடுத்தார். சாக்கடை சரியானது. எல்லாரும் அத்தோடு அதை மறந்தார்கள்.

அந்தத் தையல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தெருவிலும் அவர் அளவெடுக்காத உடம்பு கிடையாது. அவர் கடை மாடியில், பட்டன் டப்பாக்களுக்கும் மெஷின்களுக்கும் நடுவே முப்பது நாற்பது பேர் தொழுவார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் வரிசை மாடிப்படியில் இறங்கும். மரக்கடையை ஒட்டி அவருக்குச் சொந்தமாக ஒரு காலி மனை. அதில் சின்னதாக ஒரு பள்ளிவாசல் கட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். விண்ணப்பத்தை அடித்துக் கொடுத்தவள் அக்காதான். "ஒரு தப்பும் வராம பாத்துக்கங்க தங்கச்சி" என்று பக்கத்திலேயே நின்றார். நாலு பக்கமும் இடம் விட்டு, வண்டி நிறுத்த இடம் காட்டி, வரைபடம் கச்சிதமாக இருந்தது. ஆட்சேபணை இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் சொல்லலாம் என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியது.

பத்தாம் நாள் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு மைக் தேவைப்படாது. நெரிசல், சத்தம், பார்க்கிங் என்று ஆட்சேபணை மனுவை ஒப்பித்தார். அக்கா அடித்தாள். தொழில் தொழில்தானே, ஆள் பார்த்தா டாக்டர் ஊசி போடுகிறார்? ஆனால் இவருக்கு நாலு கையெழுத்துக்கூடத் தேறாது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். "கையெழுத்துத் தாள நான் சேத்துக்கறேன், நீ முன்பக்கம் மட்டும் குடும்மா" என்றார் செயலாளர். கொடுத்தாள். எந்தத் தாள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காக அவள் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

ஆட்சேபணை மீதான விசாரணை காலை பதினோரு மணிக்கு, நகராட்சி மாடி ஹாலில். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அறுபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்; அவரும் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். தையல்காரருக்கு ஆதரவாக வந்திருக்கிறார் என்று அக்காவுக்குப் பெருமைகூட.

அதிகாரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைலைத் திறந்தார். "ஆட்சேபணை மனுல மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு கையெழுத்து இருக்கு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எண்ணை அவளுக்குத் தெரியாதா? அதிகாரி தாளைத் தூக்கிப் பிடித்தபோது பச்சைக் கோடுகள் தெரிந்தன. அவள் கோடுகள். முதல் வரியில் இருப்பது அவள் கையெழுத்து.

"நடுவுல ஒண்ணு சரிபாக்கறேன்" என்றார் அதிகாரி. "வரிசை எண் நாப்பத்தேழு. கதவு எண் இருபத்திரண்டு. வந்திருக்காங்களா?"

முன் வரிசையில் தையல்காரர் மெதுவாக எழுந்தார்.

"நான்தான் மேடம்."

"நீங்க விண்ணப்பதாரர் இல்லையா?"

"அதுவும் நான்தான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பள்ளிவாசலுக்கு நீங்களே ஆட்சேபணை சொல்றீங்களா?"

"அப்படித்தான் தெரியுது மேடம். கையெழுத்து என்னோடதுதான்." அவர் முகத்தில் கோபமே இல்லை, லேசாகச் சிரித்தபடி நின்றார். செயலாளர் மேஜையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு மண்டைக்குள் என்னென்னவோ ஓடியது. வாயைத் திறந்தால் தன் வண்டவாளம் வெளியே வரும். இந்த மூன்று தெருதான் அவள் பிழைப்பே. திறக்காவிட்டால் ஒரு மனுஷனுக்கு எதிராக இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று ஆகிவிடும், அவர் நிலம் அவருக்கு உதவாமல் போகும். அவள் எழுந்துவிட்டாள்.

"மேடம், அது போன வருஷத்துச் சாக்கடை மனுவோட தாள், செயலாளர் பீரோவுல இருந்த மூணாவது செட். கோடு போட்டது நான். வீடு வீடா போய் வாங்கினதும் நான். விஷயத்த மேல எழுதாம விட்டது என் புத்திகெட்டத்தனம். இங்க யாரும் பள்ளிவாசல் கூடாதுன்னு கையெழுத்துப் போடல. என்மேல என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி."

அதிகாரி செயலாளரை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் தனியா நோட்டீஸ் வரும்" என்று தாள்களை ஓரமாக ஒதுக்கினார். பிறகு ஹாலைப் பார்த்துக் கேட்டார்: "சரி, தாள் வேணாம். நேர்லயே கேட்டுக்கறேன். நிஜமாவே ஆட்சேபணை இருக்கறவங்க கை தூக்குங்க."

அக்கா தெம்பாகத் திரும்பிப் பார்த்தாள். செயலாளர் கை உயர்ந்தது. அது தெரிந்ததுதான். அடுத்து மருந்துக் கடைக்காரர். அக்கா புருவத்தை உயர்த்தினாள். அடுத்து, தன் மகளின் கல்யாண உடுப்பைத் தையல்காரர் ராப்பகலாக உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த டீச்சர். பிறகு ஒவ்வொருவராகப் பார்க்க நேரமில்லை. விடை தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் தூக்குவது மாதிரி வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. சாக்கடை மனுவுக்கு ஒரு கையெழுத்துப் போட நாளைக்கு வா, மறுநாள் வா என்று இழுத்தடித்தவர்கள், இதற்கு இரண்டாவது தடவை கூப்பிட வைக்கவில்லை. யாரும் யாரையும் பயமுறுத்தவில்லை. யார் முகத்திலும் கூச்சம் இல்லை.

கடைசி வரிசையில் கிரீஸ் போகாத நகங்களோடு ஒரு கை, காது உயரத்துக்கு எழுந்து நின்றது. இருபது வருஷமாக அவளுக்குத் தெரிந்த கை. அக்கா பேயறைந்தவள் போல அதையே பார்த்தாள்.

தையல்காரர் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பைக் காணோம்.

அதிகாரி கைகளை எண்ணவே இல்லை. "போதும், இறக்குங்க" என்றார். "வரைபடம் விதிப்படி இருக்கு. சத்தத்துக்கும் வண்டி நிறுத்தறதுக்கும் நிபந்தனை எழுதித் தர்றேன், அத அவர் மீறினா வாங்க. நிலம் அவரோடது. எங்களுக்குப் பிடிக்கலன்னு சொல்றதுக்கு என் புத்தகத்துல விதி இல்ல. பத்துப் பேர் சொன்னாலும் ஊரே சொன்னாலும் இதுதான்." கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். மேல்முறையீடு செய்வோம் என்று செயலாளர் சத்தம் போட, நாற்காலிகள் இழுபட, ஹால் காலியானது.

வராந்தாவில் வீட்டுக்காரரை அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏன் தூக்கினீங்க?"

"எல்லாரும் தூக்கினாங்க. நான் மட்டும் கையக் கட்டிட்டு உக்காந்தா என்ன நினைப்பாங்க?"

"அவர் என்ன நினைப்பாரு?"

"அவருக்கென்ன, அதான் அனுமதி கெடச்சிடுச்சே" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுக்கப் போனார். இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

தையல்காரர் உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அக்கா எதிரே போய் நின்றாள். "அண்ணே, மன்னிச்சிடுங்க. அந்தத் தாள்..."

"தாள விடுங்க தங்கச்சி. அதோட நகல் போன வாரமே எனக்கு வந்துடுச்சு."

அவளுக்குப் புரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நாப்பத்தேழாவதா என் கையெழுத்தே இருந்துச்சு. பாத்ததும் சிரிச்சிட்டேன். என்னோடது பொய்ன்னா மத்ததும் பொய்தானே? நம்ம தெருவுல யாருக்கும் நம்ம மேல ஒண்ணுமில்லன்னு ஒரு வாரமா நிம்மதியா தூங்கினேன். எத்தன பேர் போட்டாலும் விதிதான் பேசும்னு அதிகாரி அம்மா நகல் குடுத்தப்பவே சொல்லிட்டாங்க. அதனால இந்த உத்தரவு எப்படியும் வந்திருக்கும்."

உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நீங்க எழுந்திருக்காம இருந்திருந்தா யாரும் கை தூக்கியிருக்க மாட்டாங்க, அந்த இருநூத்திப் பன்னிரண்டும் பொய்யாவே இருந்திருக்கும் தங்கச்சி."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.