முழு நிறுத்தம் என்றால் என்ன

தியாகதுருகத்து எழில்மதியிடம் பொத்தாம்பொதுவாக எதையாவது சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. அவளுக்கு வரன் கொண்டுவந்த தரகர், "நல்ல எடம்மா" என்றார். "நல்ல எடம்னா இன்னா, வெளக்கமா சொல்லுங்க" என்று கேட்டாள். அன்றைக்குக் குடையை மடக்கிக்கொண்டு போனவர் தரகுத் தொழிலையே தலைமுழுகிவிட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டார். ஆடு எதிர்க்கேள்வி கேட்காதே.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்ததும் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்தாள். சாமை, தினைக்கு உமி நீக்குகிற சின்ன மெஷின்கள் செய்கிற பட்டறை. பெண்பிள்ளை கையில் ஸ்பேனரைக் கொடுக்க முதலாளி வெங்கடேசனுக்கு மனசு வரவில்லை. பேனாவைக் கொடுத்தார். மெஷினோடு போகும் தமிழ்க் கையேட்டை எழுதுவது அவள் வேலையாயிற்று.

முதல் பக்கத்திலேயே சொல் விளக்கம் வைத்தாள். உருளை என்றால் எது, இடைவெளி என்றால் எவ்வளவு, அடைப்பு என்றால் எங்கே.

"இதெல்லாம் யாருக்கும்மா தெரியாது? பக்கம் ஜாஸ்தி ஆவுது, எடுத்துடு" என்றார் வெங்கடேசன்.

"தெரியும்னு நெனச்சிக்கினுதான் சார் உள்ள கைய வுடுவாங்க" என்று மல்லுக்கு நின்று ஜெயித்தாள்.

அதில் அவளுக்கே பிடித்துப்போனது ஒரு வரி. 'முழு நிறுத்தம்: சுழலும் பாகங்கள் அனைத்தும் அசையாமல் நிற்கும் நிலை. முழு நிறுத்தம் ஆன பிறகே மூடியைக் கழற்றி அடைப்பை எடுக்கவும்.' கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. "நச்சுனு கீது" என்று வெங்கடேசனே ஒப்புக்கொண்டார்.

அந்த மார்கழியில் ஒரு சாயங்காலம், மெஷின்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துவர வெள்ளிமலைக்கு பஸ் ஏறினாள். கச்சிராயபாளையத்தில் சந்தைப் பையோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவள் கமலா. வெள்ளிமலையில் அந்த மெஷினை வாங்கிய மகளிர் குழுவில் அவளும் ஒருத்தி. பேச்சுக் கொடுத்ததில், அந்த மெஷினின் கையேட்டை எழுதியவள் எழில்மதிதான் என்று கமலாவுக்கும் தெரிந்துவிட்டது. பஸ் மலையடிவாரத்தை நெருங்கும்போது கமலாவின் போன் அடித்தது.

"கரண்டு போச்சா? நல்லதாப் போச்சு. மூடிய கழட்டிக்கினியா? கைய நல்லா உள்ள வுட்டு வழிச்சி எடு. ஈரச் சாமை, அப்பிக்கினு இருக்கும்." போனை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க குழு பெரியம்மாள்தான். மிஷினு ஓட்டுறவ. கரண்டு போற நேரமா பாத்துதான் நாங்க அடைப்பு எடுக்குறது. தெனமும் போவுதே, அந்த நேரத்த ஏன் வீணாக்கணும்?"

"சுவிட்ச அணைச்சிடுவாங்களாக்கா?"

"எதுக்கு? கரண்டே இல்லியே. நீ எழுதின பொஸ்தகம் அவளுக்கு மனப்பாடம் பாப்பா. உருள அசையாம நின்னா முழு நிறுத்தம். மந்திரமாட்டம் சொல்லிட்டுதான் கையவே வுடுவா."

எழில்மதிக்கு அந்த மெஷினைத் தெரியும். அதில் இருப்பது சாதாரண சுவிட்ச். போட்டது போட்டபடி இருந்தால், கரண்டு வந்த நொடியே மெஷின் தானாக ஓடும். ஒன்றை நோக்கி ஒன்று சுழலும் இரண்டு ரப்பர் உருளைகள். சாமையின் தோலை உரிக்கிற அந்த இடுக்கில்தான் இப்போது பெரியம்மாளின் விரல்கள் இருக்கின்றன. அவள் எதையும் மீறவில்லை. கையேட்டில் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்துச் செய்துகொண்டிருக்கிறாள்.

"அக்கா, உடனே திருப்பிக் கூப்புடுங்க. கைய வெளிய எடுக்கச் சொல்லுங்க."

பஸ் மலை ஏறத் தொடங்கியிருந்தது. சிக்னல் போய்விட்டது.

அந்த மலைப்பாதையில் வளைவுகள் எப்படிப்பட்டவை என்றால், முன்சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கடைசிச் சீட்டுக்காரரிடம் வெற்றிலை வாங்கலாம். பஸ் அதில் முக்கி முக்கி ஏறியது. எழில்மதி கமலாவின் போனை வாங்கிக்கொண்டு டிரைவரிடம் ஓடினாள்.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே."

"இதுக்கு மேல வேகம்னா நீ எறங்கிதான் தள்ளணும்."

கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னாமா, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?"

"ஒருத்தங்க கை போவப் போவுதுண்ணே. போன் பண்ணணும்."

"அடுத்த வளைவுல ஒரு பாறை வரும். அங்கதான் டவர் எடுக்கும். பாறைய தாண்டிட்டா ஒண்ணும் இல்ல."

"அங்க நிறுத்துங்கண்ணே."

"ஏத்தத்துல நிறுத்துனா வண்டி பின்னால போயிடும்மா" என்றார் டிரைவர். "மெதுவா ஓட்டுறேன், பேசிக்கோ."

பாறை வந்தது. ஒரு கோடு சிக்னல் வந்தது. பெரியம்மாளின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். ஒரே ஒரு மணி. பாறை பின்னால் போனது, போன் செத்தது. அந்த ஒரு மணி அங்கே கேட்டதா, இவள் காதிலேயே நின்றுவிட்டதா?

அதன்பிறகு பாதையோரத்து வீடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் இருட்டாக இருந்தன. இருட்டாக இருக்கும்வரை நல்லது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கரண்டு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வெள்ளிமலையில் முதல் டீக்கடை தெரிந்தபோது, அதன் வாசலில் தொங்கிய பல்பு பளிச்சென்று எரிந்தது.

பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடினாள். பின்னால் கமலா, "எடது பக்கம், எடது பக்கம்" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

மெஷின் ஓடும் சத்தம் தெருவிலேயே கேட்டது. மூடி போட்டு ஓடினால் அது உறுமும். மூடி இல்லாமல் ஓடினால் பல்லைக் கடிக்கும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே மெஷின் பக்கத்தில் யாரும் இல்லை. எதிர்ச் சுவரோரம், முழங்கை வரை உமியோடு, போனை எட்டப் பிடித்து உற்றுப் பார்த்தபடி ஒருத்தி நின்றிருந்தாள். கமலாவைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டி, ஒரு ரிங்கு வுட்டுட்டு கட் பண்றியே, பேலன்சு இல்லியா உனக்கு? கைய தொடச்சிக்கினு இம்மாந்தூரம் வந்து, அப்பத்துலேந்து திருப்பித் திருப்பி அடிக்கிறேன், லைனே போவல..."

எழில்மதி ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். உருளைகள் மெல்ல நின்றன. அடைப்பைக் குத்த உள்ளே விட்டிருந்த விளக்குமாற்றுக் குச்சிகள், தவிட்டோடு தவிடாகக் கீழே கொட்டிக் கிடந்தன. பெரியம்மாள் அதைப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துவிட்டு, சாமை மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"பொஸ்தகத்துல போட்டபடிதான கண்ணு செஞ்சேன்?"

"ஆமாக்கா. போட்டதுதான் தப்பு. நிக்குறது எப்படி இருக்கும்னு எழுதுனேன். எதனால நிக்குதுன்னு எழுதல."

ஆணியில் தொங்கிய கையேட்டை எடுத்து அந்த வரியை அடித்தாள். அதன் மேலே எழுதினாள்: 'முழு நிறுத்தம்: பிளக் சுவரில் இல்லை. பிடுங்கிய பிளக் உங்கள் கண்ணெதிரே தரையில் கிடக்கிறது. கரண்டு போவது நிறுத்தம் ஆகாது.'

பெரியம்மாள் அதை வாய்விட்டுப் படித்தாள். குனிந்து, தரையில் கிடந்த பிளக்கைத் தன் காலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப சரி. இத குருட்டுக் கண்ணு கூட பாத்துடும்."

ஆனால் எழில்மதி உட்காரவில்லை. அதே கையேடு இன்னும் எத்தனையோ ஊர்களில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் மனப்பாடம் செய்தவர்கள் இருப்பார்கள். அங்கேயும் கரண்டு போகும். வெங்கடேசனைக் கூப்பிட்டாள்.

"மிஷினு வாங்குனவங்க நம்பர் எல்லாம் அனுப்புங்க சார். இப்பவே."

"இன்னாமா அவசரம்? நாளைக்கி..."

"நாளைக்கின்றதுக்குள்ள எத்தன வாட்டி கரண்டு போவும் சார்?"

எண்கள் வந்தன. சாமை மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். விளக்கமெல்லாம் பிறகு, முதலில் ஒரே கேள்வி. மணலூர்பேட்டையில் எடுத்தவர் நிதானமாகப் பேசினார்.

"சொல்லுமா. இங்க கரண்டு இல்ல, மூடிய கழட்டிக்கினுகிறேன்."

"பிளக்கு எங்கங்க இருக்கு?"

"செவுத்துலதான். ஏன்?"

"கைய வெளிய எடுங்க. போயி அத புடுங்குங்க. புடுங்கி உங்க கால்கிட்ட போட்டுட்டு அப்புறம் பேசுங்க. நான் லைன்லயே இருக்கேன்."