‘கள்ளு’ என்றால் கண்

எங்கள் மருத்துவமனை பெஞ்சில் சாய்ந்திருந்த அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, உதடு வெளுத்திருந்தது. கெலமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம், தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். “கள்ளு திருகுதுன்னாயி” என்று திரும்பத் திரும்ப முனகினார். வரவேற்பில் இருந்த பெண் ஓசூருக்குப் புதிது. “கள்ளு குடிச்சிருக்காங்க சிஸ்டர். தெளியட்டும், அப்புறம் உள்ள அனுப்பலாம்” என்று மூக்கைச் சுளித்தாள்.

நான் இங்கே நர்ஸ், ஊத்தங்கரைக்காரி. எனக்குத் தெலுங்கு பிடிபடாது. கற்றுக்கொள்ளும் அவசியமே வரவில்லை, ஏனென்றால் ஆயாம்மா இருந்தார். வார்டைப் பெருக்கித் துடைப்பவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். பத்துப் படுக்கை மருத்துவமனையாக இருந்தவரை, நோயாளி சொல்வது புரியாவிட்டால் டாக்டரே அவரைத்தான் கூப்பிடுவார். சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகின, நாலு மாடி எழும்பியது, புது மேனேஜர் வந்தார். நோயாளிகளிடம் ஆங்கிலமும் தமிழும் மட்டுமே. துப்புரவுப் பணியாளர்கள் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. இந்த மண்ணில் காலம்காலமாகப் புழங்கிய மொழிகள், கட்டிடம் உயர்ந்ததும் அநாகரிகமாகிவிட்டன!

அன்று ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். குனிந்து தெலுங்கில் இரண்டு கேள்வி கேட்டார். “கள்ளுன்னா கண்ணும்மா! கண்ணு சுத்துதுன்னு சொல்றாங்க. சுகர் மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம வந்துட்டாங்களாம்!” சோதித்தோம். சர்க்கரை அபாயகரமாக இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, தெளிந்து உட்கார்ந்த பிறகும் அந்த அம்மா ஆயாம்மாவின் கையை விடவில்லை.

மூன்றாம் நாள் ஆயாம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உத்தரவை மீறி நோயாளியிடம் பேசினாராம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். மேனேஜரிடம் போய் முறையிட்டேன். “இங்க ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு சிஸ்டர்” என்றார். அந்த அம்மா செத்திருந்தால் உங்கள் ஸ்டாண்டர்ட் எந்த மொழியில் பதில் சொல்லியிருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். என் வேலையும் போய்விடுமென்று பயந்து திரும்பிவிட்டேன். அந்தக் கோபம் என்மேலும்தான்.

இப்போது வரவேற்பில், பேசினால் மொழிபெயர்க்கும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தெலுங்கு அதன் காதில் ஏறுவதில்லை. வயதானவர்கள் அதைப் பார்த்து மிரண்டு, பேச வந்ததையும் விழுங்கிவிடுகிறார்கள். ‘எல்லா மொழியிலும் சேவை’ என்று வாசலில் விளம்பரம் வேறு.

போன மாதம் ஜூஜுவாடி பஸ் நிறுத்தத்தில் ஆயாம்மாவைப் பார்த்தேன். ரோஜாப் பண்ணையில் பூக்களைக் கட்டுகளாகக் கட்டும் வேலை. கூட இருப்பவர்கள் ஒடிசாப் பெண்கள்.

“அவங்க பாஷையும் கொஞ்சம் வருது சிஸ்டர். ஒருத்தி வயித்தப் புடிச்சுட்டு அழுதா, என்னான்னு கேக்கோணுமில்ல?” என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை.